பைலட்டுக்கு ஒரு காகிதப் பூ

லண்டனிலிருந்து உக்குவளைக்கு வருகிறவர்கள் சொக்லேட் கொண்டு வருவார்கள். எதிர்வீட்டு அப்பாயியின் பேத்தி போன நவம்பரில் வந்தபோது, சொக்லேட்டோடு ஒரு பூவும் கொண்டு வந்தாள். புத்தகத்துக்குள் நசுங்காமல் வைத்திருந்த காகிதப் பூ. சிவப்பில் இரண்டு இதழ், நடுவில் கறுப்பு வட்டம், ஓரத்தில் பச்சைத் தாளில் ஓர் இலை. அப்பாயி அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா பூவு இது, செம்பருத்தியா?"

"இல்ல அப்பாயி. பாப்பி."

"பப்பியா? நாய்க்குட்டிக்கா பூ கொண்டாந்த?"

சிரித்து முடித்த பிறகுதான் பிள்ளை விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு விமானம் ஓட்ட ஆசை. கண்டியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறதாமே, அங்கே பைலட் யாராவது இருந்தால் அவருக்கு இதை வைக்க வேண்டும். "கூட வர்றீங்களா மாமா?" என்று என்னைக் கேட்டாள். மறுநாள் காலை உக்குவளை ஸ்டேஷனில் கோச்சி ஏறினோம். அந்தப் பூ எங்களோடு வத்தேகாமம் தாண்டி, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து கண்டிக்குப் போயிற்று. அதற்கு முன் அது கடந்து வந்த தூரத்தோடு ஒப்பிட்டால் இது கூப்பிடு தூரம்.

பொப்பி என்றதும் நம்மில் பலருக்கு அபின் ஞாபகம் வரும். குருமாவுக்கு அரைக்கிற வெள்ளைக் கசகசா அபின் பொப்பியின் விதைதான். (நம்மூர் பலூடாவில் மிதக்கும் கறுப்புக் கசகசா வேறு. அது திருநீற்றுப்பச்சிலை விதை, பெயரை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டது.) நினைவுப் பூவாக ஆனதோ அபின் பொப்பியின் ஒன்றுவிட்ட தங்கை, வயலில் முளைக்கிற சிவப்புப் பொப்பி. அக்கா செய்த பாவம் தங்கையை விடவில்லை. 2010 நவம்பரில் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் பெய்ஜிங் போனபோது அவரும் உடன் வந்தவர்களும் இந்தக் காகிதப் பூவை நெஞ்சில் குத்தியிருந்தார்கள். அபின் யுத்தங்களை நினைவூட்டுகிறது, கழற்றிவிடுங்கள் என்று சீன அதிகாரிகள் கேட்டார்கள். அவர்கள் கழற்றவில்லை. எந்தப் பூ, எந்தப் போர், யார் வீட்டுச் சாவு என்ற குழப்பம் இதற்குப் பிறவியிலேயே இருக்கிறது.

வயற்காட்டுப் பொப்பி வெறும் களை. மேற்காசியாவில் கோதுமை பயிரிடத் தொடங்கிய காலத்திலிருந்து விதைத் தானியத்தோடு கலந்து, டிக்கெட் எடுக்காமல் ஐரோப்பா வரை போய்ச் சேர்ந்த களை. நெல்லோடு நெல்லாக நிற்கும் குதிரைவாலிப் புல்லைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் புரியும். எகிப்தில் சுமார் 3,000 ஆண்டுக்கு முந்திய கல்லறை மாலைகளில் இதன் இதழ்கள் கிடைத்திருக்கின்றன, ஆகவே இறந்தவர்களோடு இதற்கு உறவும் பழையதுதான். விதை தூசியளவு. மண்ணுக்குள் புதைந்தால் பல பத்தாண்டுகள் அசையாமல் கிடக்கும். யாராவது மண்ணைக் கிளறி வெளிச்சம் பட்டால் போதும், எழுந்துவிடும். உழவன் கிளறினாலும் பீரங்கி கிளறினாலும் அதற்கு ஒன்றுதான்.

பீரங்கி கிளறியதை எழுத்தில் பதித்தவர்களில் ஒருவர் நமக்குத் தெரிந்த ஆள். 1693இல் இன்றைய பெல்ஜியத்தில் லாண்டன் என்ற இடத்தில் பெரும் போர் நடந்தது. அடுத்த கோடையில் அந்த நிலம் முழுவதும் பொப்பி பூத்துச் சிவந்ததைத் தம் இங்கிலாந்து வரலாற்றில் எழுதியவர் மெக்காலே. இந்தியாவுக்கு ஆங்கிலக் கல்வியைக் கொண்டுவந்து கிளார்க்குகளை விளைவித்தாரே, அவரேதான். நெப்போலியன் காலத்துப் போர்களுக்குப் பிறகும் இதே காட்சியைப் பலர் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் யாரும் அந்தப் பூவைப் பறித்துச் சட்டையில் குத்திக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு டொக்டர் தேவைப்பட்டார்.

ஜோன் மக்ரே கனடாக்காரர், இராணுவ மருத்துவர். முதலாம் உலகப் போரில், 1915 மே 2ஆம் திகதி, பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே, அவருடைய இளம் நண்பர் அலெக்சிஸ் ஹெல்மர் குண்டு வெடித்து இறந்தார். வயது 22. சமயகுரு அங்கே இல்லாததால் அடக்கச் சடங்கையும் டொக்டரே நடத்த வேண்டியதாயிற்று. அதன்பின் அவர் எழுதிய சிறு கவிதை அவ்வாண்டு டிசம்பர் 8இல் லண்டனின் 'பஞ்ச்' இதழில் வந்தது. சிலுவைகளுக்கு நடுவே பொப்பி ஆடுகிற அந்தக் கவிதை தீப்போலப் பரவியது. படைக்கு ஆள் சேர்க்கவும் போர்க்கடன் பத்திரம் விற்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். ஒரு நண்பனுக்கு அழுத அழுகையைச் சுவரொட்டி ஆக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். மக்ரே அதன் முழு ஊர்வலத்தையும் பார்க்கவில்லை. 1918 ஜனவரியில், போர் முடியுமுன், பிரான்சில் நிமோனியாவில் இறந்துபோனார்.

அதே ஆண்டு ஜூலையில் அதே பொப்பி மண்ணில் விழுந்த ஒரு பையனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இந்திரலால் ராய். கல்கத்தாவில் 1898 டிசம்பர் 2இல் பிறந்து, லண்டன் செயின்ட் போல்ஸ் பள்ளியில் படித்தவன். பிரித்தானிய வான்படையில் சேரப் போனான். கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். பையன் விடவில்லை. தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தக் காசில் பெரிய கண் டொக்டர் ஒருவரிடம் மறுபடி சோதித்து, அவர் கொடுத்த சான்றோடு போய் நுழைந்துவிட்டான். 1917 முடிவில் விமானம் தரையில் மோதியது. செத்துவிட்டான் என்று பிணவறையில் கிடத்தினார்கள், விழித்து எழுந்து கதவைத் தட்டினான் என்று ஒரு கதை அவனைப் பற்றி இன்னும் சொல்லப்படுகிறது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி விமானங்களாக வரைந்து தள்ளினான்.

திரும்பிப் போனது 1918 ஜூனில், 40ஆம் ஸ்குவாட்ரனுக்கு. ஜூலை 6 முதல் 19 வரைக்குள் 10 வான்வெற்றிகள் அவன் கணக்கில் எழுதப்பட்டன. 22ஆம் திகதி பிரான்சின் கார்வன் ஊருக்கு மேலே ஜெர்மன் ஃபொக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் அவனுடைய விமானம் தீப்பிடித்து விழுந்தது. வயது 19. பறந்து சாதித்தவர்களுக்கான டி.எஃப்.சி. பதக்கம் அவன் இறந்த பிறகு, செப்டம்பரில் வந்தது. எஸ்தெவெல் என்ற சிற்றூரின் பொதுமயானத்தில் இருக்கிறான். மாவீரனின் சமாதி இது, மதித்துப் போ, தொடாதே என்ற பொருளில் அவன் கல்லில் வங்காள எழுத்து செதுக்கியிருக்கிறார்கள். அவனுக்கு மருமகன் முறையான சுப்ரதோ முகர்ஜி பின்னாளில் சுதந்திர இந்தியாவின் வான்படைக்கு முதல் இந்தியத் தளபதி ஆனார். 1998இல், நூற்றாண்டில், இந்தியா அவனுக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. கல்கத்தாவில் ஒரு தெருவும் அவன் பெயரில் இருக்கிறது. இத்தனையும் பிறகு வந்தவை. அவன் விழுந்தபோது நினைவுப் பூ என்ற ஒன்று உலகத்தில் இருக்கவில்லை. இன்னும் நான்கு மாதம் அவன் அதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

1918 நவம்பர் 9, சனிக்கிழமை. போர் நிற்க இரண்டு நாள். நியூயோர்க்கில் ஒய்.எம்.சி.ஏ. அலுவலகத்தில் வேலையாக இருந்த மொய்னா மைக்கேல் என்ற ஜோர்ஜியா மாநிலத்து ஆசிரியைக்கு, மேசையில் கிடந்த பெண்கள் சஞ்சிகையில் மக்ரேயின் கவிதை கண்ணில் பட்டது. இனி வாழ்நாள் முழுவதும் சிவப்புப் பொப்பி அணிவேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார். அந்த நேரம் பார்த்து, அறையைப் பூவால் அலங்கரித்ததற்கு நன்றியாக அங்கே வந்திருந்தவர்கள் 10 டொலர் கொடுத்தார்கள். நேரே வானமேக்கர் என்ற பெரிய கடைக்குப் போய், பட்டுத்துணியில் செய்த பொப்பிகள் இருபத்தைந்து வாங்கி வந்தார். அவை தொப்பிக்கும் உடுப்புக்கும் அலங்காரத்துக்கென்று விற்கப்பட்டவை. ஒன்றைத் தான் குத்திக்கொண்டு மற்றதைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். உலகத்தின் முதல் நினைவுப் பொப்பி ஒரு ஃபேன்சிக் கடைச் சரக்கு.

போருக்குப் பூச் சூடுவது தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. வெட்சி சூடி ஆநிரை கவர்ந்தார்கள், கரந்தை சூடி மீட்டார்கள், தும்பை சூடிப் பொருதார்கள், வாகை சூடினார்கள் என்று புறத்திணை முழுக்கப் பூக்கூடைதான். ஆனால் அந்தப் பூக்களைச் சூடியவர்கள் போருக்குப் போகிறவர்கள், போரில் நிற்கிறவர்கள். போகாதவர்கள், போனவர் திரும்பாததற்காகச் சூடுகிற பூ என்பது மொய்னா மைக்கேலின் கடைச் சரக்கோடு தொடங்கிய வழக்கம்.

நல்ல யோசனைக்கு உடனே ஒரு வியாபாரி வேண்டும். அன்னா கெரின் வந்தார். பிரெஞ்சுக்காரி, பேச்சில் கூட்டத்தையே கட்டிப்போடுவார். போரில் சிதைந்த பிரான்சின் விதவைகளும் பிள்ளைகளும் துணியில் பொப்பி செய்வார்கள், அதை நேச நாடுகள் எல்லாம் ஒரே நாளில் விற்கும், காசில் ஒரு பங்கு பிரான்சுக்கு வரும் என்பது அவர் திட்டம். 1920இல் அமெரிக்கப் படைவீரர் சங்கம் ஏற்றது. 1921 ஜூலையில் கனடா ஏற்றது. அடுத்து லண்டனுக்குப் போனார். பிரித்தானிய முன்னாள் படைவீரர் அமைப்பு அந்த மே மாதம்தான் பிறந்திருந்தது, கையில் காசில்லை. 1921 நவம்பர் 11இல் முதல் பொப்பி தினம் வந்தது. தொண்ணூறு இலட்சம் பூ போயிற்று. 106,000 பவுண் சேர்ந்தது.

நியூசிலாந்து மட்டும் ஏமாந்தது. பிரான்சிலிருந்து பூ ஏற்றி வந்த கப்பல் நவம்பர் நாளுக்குள் வந்து சேரவில்லை. மூட்டை மூட்டையாகப் பூ வந்து கிடக்கிறது, விற்க நாளில்லை. அடுத்த ஏப்ரலில் தங்கள் அன்சாக் நினைவு நாள் வருகிறதே, அதற்கு முதல் நாள் விற்றுவிடுவோம் என்று 1922 ஏப்ரல் 24இல் விற்றார்கள். நன்றாகப் போயிற்று. இன்றுவரை நியூசிலாந்தில் பொப்பி ஏப்ரல் மாதத்துப் பூ. ஒரு கப்பல் பிந்தியதால் ஒரு நாட்டின் சம்பிரதாயமே மாறிவிட்டது.

இறக்குமதிச் சரக்கு நன்றாக ஓடினால் உள்ளூரில் செய்யப் பார்ப்பார்கள். 1922இல் மேஜர் ஜோர்ஜ் ஹௌசன், அங்கம் இழந்த ஐந்து முன்னாள் வீரர்களை வைத்து லண்டனில் ஒரு சிறு பட்டறை போட்டார். இது சரிப்பட்டு வரும் என்ற நம்பிக்கை தனக்கே இல்லை என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டுத்தான் தொடங்கினார். ஒரு கை மட்டும் உள்ளவரும் கோர்த்து முடிக்கக்கூடியதாகப் பூவை வடிவமைத்தார்கள். நம் பிள்ளை கொண்டு வந்த பூ இவ்வளவு எளிமையாக இருப்பதற்கு அந்த ஒற்றைக் கைதான் காரணம். லண்டனில் தீர்ந்த பிறகு மிச்சம்தான் ஸ்கொட்லாந்துக்கு வருகிறது என்று அங்கே முறைப்பாடு எழ, 1926இல் ஹேக் சீமாட்டி எடின்பரோவில் தனிப் பட்டறை திறந்தார். ஸ்கொட்லாந்துப் பொப்பிக்கு நான்கு இதழ், இலை கிடையாது. தாவரவியல்படி எங்களதுதான் சரி என்று இன்றும் வாதாடுவார்கள்.

ஹேக் என்ற பெயரில் ஒரு முள் இருக்கிறது. சீமாட்டியின் கணவர் டக்ளஸ் ஹேக்தான் போரில் பிரித்தானியப் படையின் தலைமைத் தளபதி. அவர் திட்டமிட்ட சொம் தாக்குதலின் முதல் நாளில், 1916 ஜூலை 1இல், 19,240 பிரித்தானிய வீரர்கள் இறந்தார்கள். போருக்குப் பின் உயிர் தப்பிய வீரர்களுக்காகப் பாடுபட்டார் என்பதும் உண்மை. பூவின் நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தில் 'ஹேக் நிதி' என்றுதான் வெகுகாலம் பொறித்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு 'பொப்பி வேண்டுகோள்' என்று மாற்றியது 1994இல். மகன்களை இழந்த வீடுகளிலிருந்து அந்தப் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு போனவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

கப்பல் இனி நம் பக்கம் திரும்புகிறது. இலங்கை அந்தப் போருக்கு ஆளும் கொடுத்தது, பணமும் கொடுத்தது. எங்கள் மாத்தளையின் ரிச்சர்ட் அளுவிகாரை கண்டி திரித்துவக் கல்லூரியிலிருந்து போய்ப் பிரித்தானியப் படையில் சேர்ந்து பிரான்சில் போரிட்டவர். பின்னாளில் நாட்டின் முதல் சுதேச பொலிஸ் மா அதிபர். இங்கே திரட்டிய பணத்தில் வாங்கிய போர் விமானங்களுக்கு இங்கத்தைப் பெயரே எழுதினார்கள். 'இலங்கையிலிருந்து ஒரு மடையான்' என்று பெயர் தாங்கிய விமானம் ஒன்று பிரான்சின் வானில் அவுஸ்திரேலிய ஸ்குவாட்ரனோடு பறந்தது. வயலில் ஒற்றைக் காலில் நிற்குமே, அந்தக் கொக்கு.

ஆகவே பொப்பியும் இங்கே வந்ததில் வியப்பில்லை. ஒவ்வொரு நவம்பர் 11இலும் கொழும்புத் தெருவிலும் பாடசாலையிலும் தோட்டத் துரைமாரின் கிளப்பிலும் விற்றது. விற்ற காசில் பெரும்பகுதி கப்பலேறிப் பிரித்தானிய வீரர்களுக்குப் போயிற்று. இங்கிருந்து போருக்குப் போய் வந்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். இதைக் கேள்வி கேட்டவர், போருக்குப் போய் வந்த ஒருவரே: ஏலியன் பெரேரா. 1931இல் அவர் பொப்பிக்கு எதிராக நம்மூர்ப் பூ ஒன்றை விற்கத் தொடங்கினார். சிங்களத்தில் சூரிய மல்.

பெயரைக் கேட்டு சூரியகாந்தி என்று நினைப்பவர்கள் உண்டு. சூரிய மல் என்பது பூவரசம் பூ. யாழ்ப்பாணத்தில் வேலிக்குக் கதியாலாக நட்டுவைப்பார்களே, சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோமே, அந்தப் பூவரசு. அதுவும் ஒரு பிரயாணிதான். பொப்பி விதை மண்ணுக்குள் காத்திருக்கும் என்றால், பூவரசு விதை கடலில் மிதந்து கரை தேடும். இந்து சமுத்திரம் தாண்டி பசிபிக் தீவுகள் வரை அப்படித்தான் போயிற்று. கப்டன் குக்கோடு தஹித்தி போன சொலாண்டர் என்ற தாவரவியலாளர் அங்கே கோயில்களருகே இதைக் கண்டு, தெய்வீகமானது என்ற பொருள்பட அதன் பேரினத்துக்குத் தாவரவியல் பெயர் வைத்தார்.

1933இல் தென் கொழும்பு வாலிபர் கழகத்தார் பூவரசை மறுபடி கையில் எடுத்தார்கள். இம்முறை அதற்குக் குரல் கொடுத்தது ஓர் ஆங்கிலப் பெண்மணி. டொரீன் யங், கொழும்பு ஆனந்த பாலிகா வித்தியாலயத்தின் அதிபர். 'பூக்களின் போர்' என்ற தலைப்பில் பத்திரிகையில் எழுதினார். இங்கத்தைப் பிள்ளைகளைப் பிரித்தானிய வீரர்களுக்காகப் பூ வாங்க வைப்பது என்ன நியாயம் என்பது அவர் கேள்வி. சூரிய மல் இயக்கத்துக்கு அவரே தலைவி ஆனார். அவ்வாண்டே டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவை மணந்தார். 1952இல் அக்குரெஸ்ஸையிலிருந்து பாராளுமன்றமும் போனார். இன்னொரு பொருத்தம்: அதே 1933இல் இங்கிலாந்தில் கூட்டுறவுப் பெண்கள் சங்கத்தார், போரே வேண்டாம் என்று சொல்லி வெள்ளைப் பொப்பி செய்து விற்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்திராத இரு கூட்டம், ஒரே ஆண்டில், ஒரே சிவப்புப் பூவுக்கு வெள்ளையிலும் மஞ்சளிலும் பதில் சொன்னது.

பூ விற்ற கைகள் அதோடு நிற்கவில்லை. 1934-35இல் மலேரியா வந்து எண்பதாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனது. சூரிய மல் தொண்டர்கள் மருந்தும் உணவும் தூக்கிக்கொண்டு கேகாலைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனார்கள். அந்தத் தொடர்புகளோடு 1935 டிசம்பர் 18இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. நாட்டின் முதல் நவீன அரசியல் கட்சிக்கு ஒரு பூவரசம் பூ வித்து என்று சொன்னால் மிகையாகாது.

இனி 1942. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. முதல் நாள் மாலை கனடிய பைலட் லெனார்ட் பிர்ச்சோல் தன் கட்டலினா கடல் விமானத்திலிருந்து ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பி, அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டுக் கைதியாகியிருந்தார். அப்படியிருந்தும் காலையில் ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோது இரத்மலானையில் ஹரிக்கேன் போர் விமானங்கள் இன்னும் தரையில்தான் நின்றன. பைலட்டுகள் ஓடிப்போய் ஏறி, குண்டு விழும்போதே கிளப்பினார்கள். கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் இரகசியமாக நிறுத்தியிருந்த இன்னொரு ஸ்குவாட்ரன் ஜப்பானியருக்குத் தெரியாது, அது நேரத்துக்கு எழுந்தது. ஓட்டியவர்கள் பிரித்தானியா, நியூசிலாந்து, கனடா, அவுஸ்திரேலியா, ரொடீசியா என்று எங்கெங்கோ பிறந்த இளைஞர்கள். இலங்கை என்ற இடத்தை அவர்களில் பலர் அதற்கு ஒரு மாதம் முன்புதான் பார்த்தார்கள். அன்று விழுந்த பலர் கொழும்பிலேயே அடக்கம். கடலில் விழுந்து உடல் கிடைக்காத விமானப் படையினரின் பெயர்கள் இங்கே இல்லை. தென்னாசியா, கிழக்காசியா முழுவதற்கும் சேர்த்து சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். கொழும்புக்கு மேலே சண்டையிட்டுக் கடலில் மறைந்தவனைத் தேடிப் போகிறவர் சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

அதே ஏப்ரலில், குண்டு விழுந்த சில நாட்களுக்குள், பூவரசு விற்ற கூட்டத்தின் தலைவர்கள் என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் எட்மண்ட் சமரக்கொடியும் கண்டிச் சிறையிலிருந்து தப்பினார்கள். காவலர் ஒருவரே கதவைத் திறந்துவிட்டார், அவர்களோடு அவரும் போனார். காலிமுகத்திடலில் நின்ற முதலாம் உலகப் போர் நினைவுத் தூணைக் கல் கல்லாகக் கழற்றி விக்டோரியா பூங்காவுக்குக் கொண்டுபோனதும் அந்த நாட்களில்தான். எதிரிக் கப்பல் அதை அடையாளம் வைத்துச் சுடும் என்று பயந்தார்களாம். இறந்தவர்களின் தூண் உயிரோடிருப்பவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். அது இன்றும் அந்தப் பூங்காவில், விகாரமகாதேவி என்று பெயர் மாறிய பிறகும், அங்கேயே நிற்கிறது. நவம்பரில் அதன் அடியில் பொப்பி மாலை வைக்கிறார்கள்.

வடக்கில் அதே நவம்பரில் கார்த்திகைப் பூ. தீவின் ஒரு முனையில் ஒரு தாய் கையில் காகிதப் பூ, மறு முனையில் இன்னொரு தாய் கையில் காந்தள். இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை, படிக்கிறவர்களுக்குத் தெரியும். இங்கிலாந்திலோ 2018இல் முதலாம் உலகப் போரில் பணியாற்றிய இந்தியர்களை நினைத்துக் கதர்த் துணியில் பொப்பி செய்தார்கள். காந்தியின் துணியில் ஹேக்கின் பூ. எஸ்தெவெல்லில் கிடக்கும் கல்கத்தாப் பையனுக்கு இப்படியாக நூறு வருடம் பிந்தி அவன் ஊர்த் துணியில் ஒரு பூ கிடைத்தது.

கண்டிக் கல்லறைத் தோட்டத்தில் அன்று எங்களைத் தவிர யாரும் இல்லை. புல்லை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பிள்ளை வரிசை வரிசையாகப் போய், சிறகு விரித்த பறவைச் சின்னம் உள்ள கற்களைத் தேடினாள். ஒன்றில் 'பைலட்' என்று இருந்தது. வயதைப் பார்த்துவிட்டு, "என்னைவிட ரெண்டு வயசுதான் கூட" என்றாள். காகிதப் பூவைக் கல்லடியில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் காம்பின் மேல் ஒரு சிறு கல்லை ஏற்றினாள். 2023 முதல் இந்தப் பூவில் பிளாஸ்டிக் கிடையாது, முழுக்கத் தாள்தான். அந்தத் தாளில் ஒரு பங்கு கோப்பிக் கோப்பை செய்து மிஞ்சிய கழிவாம். எனக்குச் சிரிப்பு வந்தது. 1880இல் மாத்தளைக்குத் தண்டவாளம் போட்டதே கோப்பிக்காக. போட்ட கையோடு கோப்பியை நோய் தின்றுவிட்டது. அந்தப் பாதையில் இப்போது கோப்பிக் கோப்பையின் மிச்சம் பூவாகி வந்திருக்கிறது. மூன்று மணிக்கு மழை வந்தது. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது தாளின் ஓரம் நனைந்து குழைந்துகொண்டிருந்தது.

உக்குவளையில் இறங்கியபோது மணி ஐந்தரை. ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் வேலியோரம் ஒரு பூவரசு நிற்கிறது. காலையில் போகும்போது அதைக் காட்டியிருந்தேன், மரம் நிறைய மஞ்சளாகப் பூத்திருந்தது. இப்போது அதே பூக்கள் வாடி, கூம்பி, செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தன.

"காலையில மஞ்சளாத்தானே இருந்துச்சு மாமா?"

"அந்தியில சிவந்துதான் விழும்."

ஒன்றைப் பொறுக்கி எடுத்து வந்து அப்பாயியிடம் கொடுத்தாள். அப்பாயி அதை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்."

"அந்தப் பையனோட அம்மா பேரு என்னா?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். கல்லில் அது இல்லை, நாங்கள் தேடவும் இல்லை. அவள் கைத்தொலைபேசியை எடுத்தாள். கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணைக்குழுவின் பதிவேட்டில் அந்தப் பையனுக்கு நேரே, இன்னாருடைய மகன் என்று தகப்பன் பேரும் தாய் பேரும் இருந்தன. வாசித்துக் காட்டினாள். அப்பாயி அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். நாக்குப் புரளவில்லை. மறுபடி சொல்லிப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த பூவைத் திண்ணையில் வைத்துவிட்டு விளக்கேற்ற எழுந்து போனார்.